சமரீனுக்குத் தைத்த போர்வை

ஐஸ் பெட்டியை வேனிலிருந்து இறக்கி வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு மேல் பெரியண்ணன் விடவில்லை. நிலைப்படிக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"திருப்பிக் கொண்டு போங்கப்பா."

"மாமா, பொம்மிடியிலிருந்து அவங்க வந்து சேரவே மத்தியானம் ஆயிரும். வெயிலு எப்பிடி அடிக்குதுன்னு பாத்தீங்களா?" என்றாள் மருமகள் ஜெயபிரியா.

பெட்டியை வரவழைத்தவள் அவள்தான். மாமியார் ரங்கம்மாள் விடியற்காலையில் கண்ணை மூடினாள். பொழுது கிளம்புவதற்குள் பந்தல்காரன், மேளக்காரர்கள், பாடை கட்டுகிறவன், பொம்மிடியில் இருக்கும் மாமியாரின் பிறந்த வீட்டுக்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் ஜெயபிரியாவே போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள். வாய்க்கட்டு கட்டியது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியது, நெற்றியில் காசு வைத்தது எல்லாம் அவள் கைதான். அந்த வீட்டில் எந்தக் காரியமானாலும் ஜெயபிரியாவைத்தான் கேட்பார்கள். அழுவதற்கு மட்டும் அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"குளிருதுன்னா கண்ணு," என்றார் பெரியண்ணன். "கடைசியா அவ வாயில வந்தது அதான். குளிருதுன்னவளக் கொண்டு போயி ஐஸுக்குள்ள வெக்கச் சொல்றியா? நல்லாருக்குதா நீ பேசுறது?"

பெட்டியைத் தூக்கி வந்த ஆட்கள் ஜெயபிரியாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் புருஷன் அருள்குமாரைப் பார்த்தாள். அவன் பந்தக்காலைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினான். அப்பாவிடம் பேசி ஜெயித்த பழக்கம் அவனுக்குக் கிடையாது. பெட்டி மறுபடியும் வேனில் ஏறியது.

கூடத்தில் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். ரங்கம்மாளைத் தெற்கே தலைவைத்துப் பாயில் படுக்கவைத்திருந்தார்கள். ஒரு வார ஜுரத்தில் முகம் சுருங்கிப் போயிருந்தாலும் வாயோரத்தில் யாரையோ கேலி செய்யப்போகிற மாதிரி ஒரு கோணல் அப்படியே நின்றிருந்தது. அடுத்த வீட்டு ரோசம்மாள் ஒப்பாரியை நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, கழுத்துவரை இழுத்துவிட்டிருந்த போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"போர்வ பிரமாதமா இருக்குதே ஜெயா. மாமியாளுக்குன்னு தெச்சியா? குடுத்து வெச்ச மகராசி."

ஜெயபிரியா குனிந்து பார்த்தாள்.

அட கடவுளே! இது ஆர்டர் கொடுத்த குல்ஷன் அக்காவின் போர்வை.

காலையில் எரிந்துகொண்டிருந்தது ஒற்றை பல்பு. அந்த அவசரத்தில் மாமியார் முகத்தைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. தையல் மெஷின் மேல் பார்சல் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் உறை இப்போது மூலையில் கசங்கிக் கிடந்தது. வீட்டுக் கம்பளியெல்லாம் பரண்மேல் இருந்தது. குளிருகிறது என்று ரங்கம்மாள் சொன்னதும் மாமா கைக்குக் கிடைத்ததைப் பிரித்துப் போர்த்திவிட்டிருக்கிறார். அதற்குள்ளேயே அவள் உயிர் போயிருக்கிறது.

இறந்துபோனவர்களின் சட்டை, சேலை, குழந்தைத் துணி என்று கொண்டுவந்து கொடுத்தால் ஜெயபிரியா அதை வெட்டித் துண்டு சேர்த்துப் போர்வையாக்கிக் கொடுப்பாள். நினைவுப் போர்வை என்று பெயர் வைத்து போனில் படம் போட்டதில் பெங்களூர், ஓசூரிலிருந்தெல்லாம் மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்தது. முதல் மூட்டை வந்தபோது ரங்கம்மாள் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். "செத்தவன் சட்டையெல்லாம் இழுத்தாந்து நடுவூட்டுல போடுறா பாரு, இவளுக்கு எந்த ஊரு புத்தி இது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். மூட்டையை மாட்டுக்கொட்டகையில் ஒரு ராத்திரி போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் ஒரு சட்டையை எடுத்துத் தையல் பிரித்தாள். அதோடு சரி. பிரிக்கிற வேலை முழுக்க அவளுடையதாகிவிட்டது. பிரித்துக்கொண்டே அந்தச் சட்டைக்காரனோடு பேசுவாள். "ஏஞ்சாமி, பீடி குடிச்சுக் குடிச்சுப் பாக்கெட்டுல எத்தினி ஓட்ட போட்டு வெச்சிருக்குற? பொண்டாட்டி ஒண்ணும் கேக்கலியா?"

தருமபுரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த நிசார் அகமதின் சட்டைகளை அவர் மனைவி குல்ஷன் அனுப்பியபோது, ரங்கம்மாள் போனைப் பிடுங்கி அந்த அம்மாளையே விசாரித்தாள். "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எடக்கைப் பழக்கமா? எடது கை மட்டும் தேஞ்சு நூலாப் போயிருக்குதே?" "ஆமாங்கம்மா, எடக்கைதான்" என்று குல்ஷன் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது.

அந்தப் போர்வை குல்ஷனின் மகள் சமரீனுக்கு. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அப்பா கையால் ஒன்றும் வாங்கிக்கொள்ள அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவர் போட்ட சட்டையையாவது புருஷன் வீட்டுக்குக் கொண்டு போகட்டும் என்பது குல்ஷனின் ஆசை. இன்றைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஜெயபிரியா கொல்லைப்பக்கம் போய் போன் போட்டாள்.

"ஜெயா, நான் கம்பைநல்லூர் வந்துட்டேன்மா. ஆட்டோவுல ஏறிட்டேன்," என்றாள் குல்ஷன். "எதுக்கு மூச்சு வாங்குது உனக்கு?"

"அக்கா, எங்க அத்த தவறிட்டாங்க."

"யா அல்லா! அந்த அம்மாவா? எப்பம்மா?"

ஜெயபிரியா சொன்னாள். போர்வையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள், "நேரா வூட்டுக்கே வரேன்" என்று குல்ஷன் வைத்துவிட்டாள்.

ஜெயபிரியா கூடத்துக்கு வந்து போர்வையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினாள். உடனே ஒரு குரல் வந்தது.

"அதத் தொடாத."

மாமனாரின் அண்ணன் சென்னப்பன். இழவு வீட்டு முறையெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

"பெரிய மாமா, இது நம்மளுது இல்லீங்க. ஆர்டருக்குத் தெச்சது. கல்யாணப் பொண்ணுக்கு."

"யாருக்கா இருந்தா என்னா? உசுரு போன துணி அது. அவளோட சுடுகாட்டுக்குப் போவணும். அதக் கொண்டு போயி கல்யாண வூட்டுல குடுப்பியா? வாங்குறவ வெளங்குவாளா?"

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெயபிரியா மாமனாரைப் பார்த்தாள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெரியண்ணன் போர்வையின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"இருந்துட்டுப் போவட்டும் கண்ணு," என்றார். "அவ மேல நல்ல போர்வ கெடக்கறது இப்பத்தான்."

அது ஜெயபிரியாவை நன்றாகத் தைத்தது. உங்களுக்கு ஒன்று தைத்துத் தருகிறேன் அத்தை என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "எனக்கு எதுக்குடி? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சிரித்தே ரங்கம்மாள் தட்டிக்கழித்துவிட்டாள். இப்போது செத்தும் போய்விட்டாள். இந்தப் போர்வையின் துணியெல்லாம் அவள் தையல் பிரித்துக் கொடுத்தது. இதிலேயே போகட்டுமே என்று ஜெயபிரியாவின் மனசும் ஒரு பக்கம் இழுத்தது. இழவு வீட்டில் வந்து யாரும் எதையும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். குல்ஷன் அக்கா நல்ல மனுஷி. பரவாயில்லைம்மா என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்லவைத்துத் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் கத்தரி பட்ட துணி மறுபடி சட்டையாகாது. அந்த மனுஷனின் சட்டை என்று உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அதையும் எரித்துவிட்டால் சமரீன் வெறுங்கையோடு போவாள். இதை நினைத்தவுடன் ஜெயபிரியாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

குல்ஷன் வந்தாள். குள்ளமான உருவம். ஆட்டோவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் ரங்கம்மாளின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். போனில் மட்டுமே கேட்ட குரலுக்கு அதுதான் முகம். பிறகு அவள் பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கியது.

நீலக் கோடு போட்ட சட்டை. ரம்ஜானுக்கு எடுத்த இளம்பச்சை. கடையில் போட்டுப் போட்டு வெளுத்துப்போன காக்கி. நடுவில், ரங்கம்மாளின் நெஞ்சுக்கு நேராக, காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறை படிந்த ஒரு துண்டு.

குல்ஷனின் கை அந்தக் கறைமேல் போய் நின்றது.

"இது எப்பிடி வந்தது? இதத் தூக்கிப் போடத்தானே வெச்சிருந்தேன். பையில தப்பா வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. நான் வேணாம்னுதான் எடுத்து வெச்சேன். அத்ததான் விடல," என்றாள் ஜெயபிரியா. "கறைய எடுத்துட்டா இது யாரு சட்டன்னு அந்தப் பொண்ணுக்கு எப்பிடித் தெரியும்னு சண்ட போட்டு நடுவுல வெக்கச் சொன்னாங்க."

குல்ஷன் கறையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நிறைந்த கண்ணை முக்காட்டு நுனியால் துடைத்தாள்.

ஜெயபிரியா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, இது உங்க போர்வதான். விடியக்காலம் குளிருதுன்னாங்களாம். மாமா கைக்குக் கெடச்சதப் போத்தி வுட்டுட்டாரு. இதுக்குள்ளயே உசுரு போயிருச்சு. தப்பு எங்க வூட்டுதுதான்."

பெரியண்ணன் நிமிராமலே சொன்னார்.

"நாந்தாம்மா போத்துனேன். யாருதுன்னு தெரியாது."

"குளுருன்னா போத்தத்தானே வேணும், அண்ணே," என்றாள் குல்ஷன். "போர்வ வேற எதுக்கு?"

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சென்னப்பன் தொண்டையைச் செருமி, எல்லாம் முடிந்துவிட்டது என்கிற தோரணையில் வெற்றிலையைக் கையில் எடுத்தார். குல்ஷன் அவர் பக்கம் திரும்பவில்லை. பெரியண்ணனைப் பார்த்தே தொடர்ந்தாள்.

"ஆனா எனக்கு இது வேணும், அண்ணே. சாவு வூட்டுல வந்து கேக்குறேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. அவரோடது வேற ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் இதுக்குத்தான் குடுத்துட்டேன்."

"ஏம்மா," என்றார் சென்னப்பன், "வெவரம் தெரியாமப் பேசுற. பொணத்து மேல கெடந்தது இது. கல்யாணப் பொண்ணு மேல போத்துவியா?"

"இது மொதல்லருந்தே செத்தவரு துணிதானேங்க," என்றாள் குல்ஷன். "எம்பொண்ணுக்கு அது தெரிஞ்சுதான் வேணும்னு கேட்டா."

சென்னப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "அது உங்க மொற. எங்க மொறையில போட்டத எடுக்க மாட்டோம். என்னடா பெரியண்ணா?"

பெரியண்ணன் சுருட்டிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தவில்லை. அந்த நேரம் தெருமுனையில் மேளம் கேட்டது. பொம்மிடிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிறந்த வீட்டுப் புதுச்சேலையான கோடி வந்ததும் ரங்கம்மாளை வெளியே எடுத்துக் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது மேலே கிடக்கிற துணியெல்லாம் சுருட்டிப் பாடையோரமாகப் போட்டுவிடுவார்கள். அங்கே போட்டது அப்புறம் சுடுகாட்டுக்குத்தான். அதைச் செய்யக் காத்திருந்த கைகள் கூடத்தில் நிறைய இருந்தன.

ஜெயபிரியா மாமனாரின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா. கைய எடுங்க."

"அவளுக்குக் குளிரும் கண்ணு."

"கட்டையில வெக்கப் போறோம் மாமா. குளிராது."

ரோசம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அருள்குமார் வாசலிலிருந்து, "ஏய், என்னா பேசுற நீ?" என்று உள்ளே வந்தான். சொன்ன பிறகுதான் ஜெயபிரியாவுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

பெரியண்ணன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு கணம் அறையப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் உதடு கோணியது. சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"அவளே எந்திரிச்சுப் பேசுனாப்பல இருக்குது," என்றார். "இப்பிடித்தான்டா பேசுவா. மொகத்துக்கு நேரா, படீர்னு. எங்கம்மா செத்தன்னிக்கிக்கூட இப்பிடித்தான் எதையோ சொல்லிப்புட்டா, அழுதுகிட்டிருந்த நாங்கெல்லாம்..." சிரிப்பு அப்படியே உடைந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு விடாமல் இருந்த மனுஷன் தலையிலடித்துக்கொண்டு அழுதார். "ரங்கி, போயிட்டியே ரங்கி! இனிமே என்னய யாரு திட்டுவா?"

ஜெயபிரியாவுக்கும் அடைத்து நின்றதெல்லாம் அப்போதுதான் பிய்த்துக்கொண்டு வந்தது. மாமனாரின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அத்தை, அத்தை என்று கதறினாள். குல்ஷன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்து, பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவரே போர்வையை எடுத்தார். காலிலிருந்து மேலே, மடித்து மடித்து, ரங்கம்மாளின் கழுத்துவரை வந்து நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். முழுக்க எடுத்துவிட்டு, அவள் சேலைத் தலைப்பை நன்றாக இழுத்துவிட்டார். போர்வையை ஒழுங்காக மடிக்க அவருக்குத் தெரியவில்லை. கோணல்மாணலாகச் சுருட்டி குல்ஷனின் கையில் கொடுத்தார்.

"அலசிக் குடும்மா. பொண்ணு நல்லாருக்கட்டும்."

"என்னமோ பண்ணுங்க," என்றார் சென்னப்பன். "நாளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா என்னக் கேக்காதீங்க."

"உங்களக் கேக்க மாட்டோம்ங்க," என்றாள் குல்ஷன் பணிவாக. யாரோ ஒரு பெண் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பொம்மிடிக்காரர்கள் மாரடித்துக்கொண்டு வந்து கோடிச் சேலையைக் கால்மாட்டில் வைத்தார்கள். வாசலில் பலகை போட்டு ரங்கம்மாளைத் தூக்கி வந்து உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அருள்குமார் தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு விலகிப் போனான். பெண்கள் சேலைகளை உயர்த்திப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். பின்பக்கம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அங்கேதான் மேளக்காரர்கள், சொந்தக்காரர்கள், ஆட்டோக்காரன் என்று ஆம்பளைக் கூட்டம் அத்தனையும் நின்றது.

"இன்னொரு சீல கொண்டாங்க, யாராச்சும்!" என்று ஜெயபிரியா மறைப்புக்குள்ளிருந்து கத்தினாள். மாமியாரின் ரவிக்கை ஊக்கை அவிழ்க்கப்போன கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள். "சீக்கிரம்! எம்மா நேரம் இப்பிடியே வெச்சிருக்கறது?"

சேலை எடுக்க வீட்டுக்குள் ஓடிய ஒருத்தி பீரோச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "கோடியையே பிடிங்களேன்" என்றாள் ஒருத்தி. "கோடிய நனைக்கலாமா?" என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள்.

குல்ஷன் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். போர்வையை மார்போடு அணைத்திருந்தாள். ஒரு காலை வண்டிக்குள் வைத்தவள் மறுபடி கீழே இறங்கி, கூட்டத்தை விலக்கி வந்தாள். தெருப்பக்கமாக நின்றவர்களிடம், "கொஞ்சம் நகருங்க" என்றாள். போர்வையை ஒரு உதறு உதறி விரித்து, இரண்டு முனைகளையும் பிடித்துக் கைகளை உயர்த்தினாள். நிசார் அகமதின் சட்டைகள் அத்தனையும் தெருவுக்கும் ரங்கம்மாளுக்கும் நடுவே வந்து நின்றன.

"அக்கா, நனஞ்சிரும்," என்றாள் ஜெயபிரியா.

"நனஞ்சா காயும். நீ ஊத்தும்மா."

ஜெயபிரியா ஊக்குகளை அவிழ்த்தாள். முதல் குடத்தை எடுத்து மாமியாரின் தலையில் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் தோளில் வழிந்து பலகையில் விழுந்து நாலா பக்கமும் தெறித்தது. போர்வையின் கீழ்ப்பாதி நனைந்து நிறம் கறுத்தது. மேல் விளிம்பில் இரண்டு கை விரல்கள் மட்டும் தெரிந்தன. குல்ஷன் உயரம் போதாமல் எக்கி நின்றிருந்தாள். கடைசிக் குடம் தீரும்வரை, போர்வைக்கு அடியில் தெரிந்த அவள் குதிகால்கள் தரையில் படவேயில்லை.